ராணி போய்வந்த கட்டம்

பகலில் கிசுகிசுத்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், முதலில் இதைத்தான் சொல்வார்கள். எந்த வீட்டில் யார் ராத்திரி சி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறார் என்று தெரியாது. பம்பரம் விடுவதென்றால் பிளாக்கைத் தாண்டிப் போக வேண்டும். அடி வாங்கினால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் அழ வேண்டும். வீடு பற்றிக்கொண்டால் முதலில் அணைத்துப் பார், முடியாவிட்டால்தான் தூங்குகிறவனை எழுப்பு என்பார் எதிர்வீட்டு மாமா. அதை வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் அப்பா சுரங்கத்தில் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய மண்ணையும் கரியையும் இழுத்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுமே, அந்த ரப்பர் பெல்ட். ஏ ஷிஃப்ட் வாரத்தில் நாங்கள் எழுந்திருப்பதற்குள் போய்விடுவார். சாயங்காலம் இருந்தாலும் ரேஷன், மளிகை, சைக்கிள் பஞ்சர் என்று பொழுது ஓடிவிடும். பி ஷிஃப்டில் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் வேலையில் இருப்பார், அவர் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். சி ஷிஃப்டில் ஆள் வீட்டில்தான் இருப்பார், கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு. அந்த வயதில் அப்பா என்றால் எனக்கு முகம் ஞாபகம் வராது, அந்தத் துண்டுதான் வரும்.

அந்த வருடம் எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பத்து. பொங்கல் முடிந்து கடலூர் போய்வந்த அப்பா ஒரு மடக்குப் பலகையும் துணிப்பை நிறைய மரக்காய்களும் வாங்கி வந்தார். செஸ். எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது தாயமும் பரமபதமும்தான். தாயத்தில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்தப் புது ஆட்டம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தாயக்கட்டை இருக்க இது எதுக்குங்க?"

"உருட்டுறது விழுந்தா விழுது, விழாட்டி போகுது. அதுல நம்ம கையில என்ன இருக்கு? இதுல எல்லாம் நம்ம யோசனைதான். புள்ளைங்க யோசிக்கப் பழகட்டும்" என்றார் அப்பா.

பையைத் திறந்தால் கறுப்பு யானைகளில் ஒன்று இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் அம்மா. அப்பா பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்திருப்பார், அதில் விழுந்திருக்கும் என்பது என் கட்சி. தையல் மெஷின் டிராயரிலிருந்து தீர்ந்துபோன நூல்கண்டுக் கட்டை ஒன்று வந்து யானை ஆனது. கடைசிவரை அதுதான் யானை.

சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவில்லை. முதல் வார லீவில் சிப்பாய்கள் மட்டும். "மத்தவங்களுக்கெல்லாம் இன்னைக்கு ஆஃப்" என்றார். எட்டுச் சிப்பாய்க்கு எட்டுச் சிப்பாய், யார் முதலில் மறுகரை போகிறோம் என்று அன்றைக்கு முழுக்க அதையே ஆடினோம். அடுத்த லீவில் யானை வந்தது. யானைக்கு நேர் ரோடுதான் தெரியும், சந்தில் திரும்பாது. ஒட்டகம் கோணலாகத்தான் நடக்கும். குதிரை இரண்டு வீடு தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். ராணி எங்கே வேண்டுமானாலும் போவாள். கடைசியாக ராஜாவைக் காட்டி, "இவரு எந்திரிச்சு நடக்கவே யோசிப்பாரு. ஆனா இவரு போனா எல்லாம் போச்சு" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "அப்படியே நம்ம வீடுதான்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார்.

முழு ஆட்டம் முதன்முதலாக ஆடிய அன்று அண்ணன் சீக்கிரமே தோற்றான். காய்களைத் துணிப்பையில் அள்ளிப்போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எனக்கு வேணாம் இந்த ஆட்டம்" என்று போய்விட்டான். மூன்று ஷிஃப்டும் ஒரு சுற்று சுற்றி வரும்வரை அவன் அந்தப் பக்கமே வரவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு நாள் அவரே பையை எடுத்து, முன்னறையில் இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார். புதுச் சட்டம் போட்டார். நாளைக்கு ஒரு காய்தான். ஷிஃப்டுக்குப் போகும் முன்னாலோ வந்த பின்னாலோ அவர் ஒன்று நகர்த்துவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் இரண்டு பேரும் பேசி ஒன்று நகர்த்த வேண்டும். ஆட்டம் முடிகிறவரை பலகை அங்கேயே இருக்கும், வேறு யாரும் தொடக்கூடாது.

"நான் வேலையில இருந்தாலும் ஆட்டம் நடக்கும். பார்த்துக்கிட்டே இருங்க" என்றார்.

நிஜமாகவே நடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வைக்காமல் பலகைக்கு ஓடுவோம். அப்பாவின் குதிரை நகர்ந்திருக்கும். இப்படி ஏன் வைத்தார், அதற்குள் என்ன சூது இருக்கிறது என்று அண்ணன் பெரிய மனுஷன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசிப்பான். யோசனை அவனுடையது, நகர்த்துவது என் கை. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. துண்டுக்கு அடியில் இருந்த அப்பா என்னோடு பேசியது அந்தப் பலகையில்தான்.

சாம்பலைப் பற்றி நெய்வேலிக்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காற்று அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிப் பக்கமிருந்து திரும்பிவிட்டால் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி காயப்போட வேண்டும். அம்மா காலையிலும் சாயங்காலமும் வீட்டைத் துடைப்பாள். துடைக்கக்கூடாத ஒரே இடம் அந்தப் பலகை. "இது என்ன, சாமி பலகையா?" என்று ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

அதனால் பலகையில் மெல்லிசாகச் சாம்பல் படியும். ஒரு காயை நகர்த்தினால், அது நின்ற இடம் மட்டும் சுத்தமாக வட்டமாகத் தெரியும். சாம்பல் படிந்த கட்டத்தில் ஒரு காயை வைத்து எடுத்தாலோ, காபி டம்ளர் வைத்து எடுத்த மாதிரி ஒரு வளையம் விழும். இதை நான்தான் முதலில் கவனித்தேன். டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் பலகை என் கண்மட்டத்தில் இருக்கும்.

கோடை தொடங்கும்போது ஆட்டம் சூடு பிடித்தது. அப்பாவை மடக்கி வைத்திருப்பதாக அண்ணன் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எதிர்வீட்டு மாமாவே ஒரு நாள் வந்து, பலகையைப் பார்த்து, "பரவாயில்லையே, உங்க அப்பனுக்கே தண்ணி காட்றியேடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் செஸ் தெரியாது.

அப்பாவுக்கு சி ஷிஃப்ட் வந்த வாரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணன் பலகையில் குனிந்தான். எங்கள் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு வளையம் இருந்தது. மேலே காய் எதுவும் இல்லை. அப்பாவின் ராணி அவள் கட்டத்தில்தான் நின்றாள், ஆனால் கொஞ்சம் விலகி. அடியில் பிறை மாதிரி ஒரு சுத்தமான ஓரம் தெரிந்தது. அப்பா அன்றைக்கு வைத்தது எங்கேயோ மூலையில் ஒரு சிப்பாயை. அப்படியென்றால் ராணியை எடுத்து விளையாடியது யார்?

"அம்மா, இவ தொட்டிருக்கா."

"நான் தொடல. ராணியே போயிட்டு வருது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. முந்தின நாளும் அந்த வளையத்தைப் பார்த்திருந்தேன். எங்கே வேண்டுமானாலும் போவாள் என்று அப்பாவே சொல்லியிருக்கும்போது, போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. முதுகில் இரண்டு போட்டாள். ஒன்று தொட்டதற்கு, இன்னொன்று பொய்க்கு. உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் சத்தம் போடாமல் அழுதேன். இனிமேல் பலகைப் பக்கம் போகக்கூடாது, அண்ணன் மட்டும் ஆடட்டும் என்று தீர்ப்பாயிற்று. அடியைக்கூட விடுங்கள், எனக்கு அப்பாவோடு இருந்த ஒரே பேச்சு வார்த்தை அன்றோடு போயிற்று.

மறுநாள் காலை அப்பா ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்கி, பின்வாசல் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் தயிர்க்காரம்மா கூடையை இறக்கினார்.

"இன்னாம்மா, புள்ள மூஞ்சி வீங்கிக்கினு இருக்குது?"

"போர்டுல கைய வச்சுட்டு, ராணி தானா நடந்துச்சுன்னு சொல்றா. ரெண்டு வச்சேன்" என்று அம்மா அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"அந்தக் கட்டைங்களுக்கா அடிச்சீங்க? புள்ளைங்க வெளையாடத்தான வாங்கியாந்து வச்சிக்கினு இருக்கீங்க?"

அப்பா காபியை ஆற்றினார். "சின்னப் புள்ள. விடு" என்றார். அவ்வளவுதான். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

அதற்கு மறுநாள் நான் சீக்கிரம் விழித்துக்கொண்டேன். ராணி எப்படிப் போகிறாள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு. உள்ளறைக் கதவில் தொங்கிய பழைய புடவைத் திரைக்குப் பின்னால் நின்றேன். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார். கிரீஸ் வாடை வந்தது. கை கால் கழுவவில்லை, சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பலகைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு விரலால் ராணியை எடுத்தார். நேராகக் கொண்டுபோய் எங்கள் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் ராணியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஒட்டகத்தை ஒரு கட்டம் அப்படி இப்படித் தள்ளிவிட்டு எழுந்தார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் இரண்டு விழும் என்று தெரியும். தவிர, அப்பாவே சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்பதையும் அண்ணன் ஒற்றையாகக் காய் நகர்த்துவதையும் பார்த்துக்கொண்டே அவர் பாட்டுக்குத் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

அந்த வார லீவு ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. அபூர்வமாக நான்கு பேரும் ஒன்றாக முன்னறையில் இருந்தோம். அம்மா பண்ருட்டிப் பலாவை அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள், கை முழுக்க எண்ணெய். அண்ணன் எதை நகர்த்துவது என்று அப்பா எதிரிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பலகையில் விரலை வைத்தேன். அந்த வளையத்தின் மேல்.

"அப்பா தினமும் ராணிய இங்க வைக்கிறாங்க. வச்சிட்டு எடுத்துடுறாங்க. நான் பார்த்தேன்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அம்மா எழுந்தாள். ஆனால் அண்ணன் அசையவில்லை. என் விரலைப் பார்த்தான். அங்கிருந்து ராணியைப் பார்த்தான். ராணி அங்கே வந்தால் தூரத்து ஒட்டகம் அவளுக்குக் காவல். எங்கள் ராஜா அவளை வெட்ட முடியாது. நகரவும் இடமில்லை, ஆட்டம் முடிந்துவிடும். அவன் உதடு மெல்ல அசைந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது.

"எத்தனை நாளாப்பா?" என்று கேட்டான்.

பலாச்சுளை ஒன்றை எடுத்த அப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எங்கள் ராஜாவை ஒரு விரலால் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனான்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பலாப்பால் ஒட்டிய கையோடு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"இவள அடிச்சேன்னு நான் சொன்னப்ப காபி குடிச்சிக்கிட்டுதான இருந்தீங்க? நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்? பிளாக் பூரா சொல்லிட்டுத் திரியிறான்." அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "போன தடவை முடிச்சதுக்கு மூணு வாரம் பலகையத் தொடல. இதையும் முடிச்சிட்டா திரும்ப உக்காருவானா? இவ சின்னது. ரெண்டு நாள்ல மறந்துடும்னு நெனச்சேன்."

"மறந்துச்சா?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். அப்பாக்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற காலம் இல்லை அது. கையிலிருந்த சுளையைக் கொட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இதோ, அறுபதை நெருங்கிவிட்டேன். பண்ருட்டிப் பலா என்றால் இப்போதும் உயிர். அன்றைக்கு அந்தச் சுளையை வாங்காததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இன்று யோசித்தால் மனுஷன் பாவம் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பெல்ட்டின் இரைச்சலில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவர். எங்களோடு இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்தப் பலகை. ஆட்டம் முடிந்தால் நாங்களும் போய்விடுவோம் என்று பயந்திருக்கிறார். ஜெயிக்கிற இடத்தில் ராணியை வைத்துப் பார்த்து, அந்தச் சந்தோஷத்தைத் தனியாக அனுபவித்துவிட்டு, திரும்ப எடுத்துவிடுவார். பத்து வயதுப் பையனின் கௌரவம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஆறு வயதுப் பெண்ணுக்கும் அது உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம்தான், ஆனால் தப்பு தப்புதான்.

அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். கால் முழுக்கச் செம்மண். தட்டுக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"மறுபடி அடுக்குங்க. ஆனா இனிமே விட்டுக்கொடுத்தீங்கன்னு தெரிஞ்சா நான் ஆடவே மாட்டேன்."

"சரி" என்றார் அப்பா.

"பாப்பாகிட்டயும் சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்கும்தான். விட்டுக்கொடுக்க மாட்டேன்." பிறகு அம்மாவிடம் ஈரத்துணியை வாங்கி, பலகையை அவரே துடைத்தார்.

அன்று சாயங்காலமே எனக்குத் தனியாக ஒரு பலகை வந்தது. பேக்கிங் பெட்டிப் பலகை ஒன்றில் கரியால் கட்டம் போட்டார். சோடா மூடிகள் சிப்பாய். சைக்கிள் கடையில் தூக்கிப்போட்ட நட்டுகள் யானை. குதிரைக்குக் கொட்டைப் பாக்கு, ஒட்டகத்துக்குத் துணி மாட்டும் கிளிப். ராஜா ஒரு டார்ச் பேட்டரி. ராணிக்குத் தைலப் பாட்டிலின் பச்சை மூடி. அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவேன். எதிரில் அப்பாவின் படைக்கு ரவுண்டு ரவுண்டாகச் செதுக்கிய கொய்யாக் கிளைத் துண்டுகள், மேலே பெயின்ட்டில் அடையாளம். இரண்டு பலகைகளும் டிரங்குப் பெட்டிமேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவன் தனி, நான் தனி. அண்ணனின் யோசனை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்பா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினார். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றேன். ராணியைப் பறிகொடுத்தேன், யானையைப் பறிகொடுத்தேன், ஒருமுறை சோடா மூடிகளை வைத்துக்கொண்டு பேட்டரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "குழந்தைகிட்டயாச்சும் கொஞ்சம் பார்த்து ஆடக்கூடாதா?" என்று அம்மாவே கேட்க ஆரம்பித்தாள். நான்தான் அம்மாவின் வாயை அடைப்பேன். வளையத்தை மட்டும் தினமும் பார்த்துவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பலகை மட்டத்துக்குக் குனிந்து, கண்ணை இடுக்கி, அப்பா வேறெங்காவது வைத்து எடுத்திருக்கிறாரா என்று தேடுவேன். வளர வளர அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது.

எனக்கு எட்டு வயது ஆனது. ஒரு சனிக்கிழமை, அப்பாவுக்கு சி ஷிஃப்ட். காலையில் வந்து, தன் குதிரையை நகர்த்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பள்ளிக்கூடம் இல்லாததால் நான் பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். குதிரை போனதில் ஒரு வழி திறந்திருந்தது. பச்சை மூடி அங்கே போனால் அவர் ராஜாவுக்கு நகர இடமில்லை. வெட்டவும் ஆளில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வைத்தேன்.

சந்தோஷப்பட இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. குனிந்தேன். அப்பாவின் குதிரை நின்றிருந்த பழைய கட்டத்தில் சுத்தமான ஒரு வட்டம். புதுக் கட்டத்தில் குதிரை. என் மூடி கிளம்பிய இடத்தை விட்டால் மற்ற கட்டங்களில் எல்லாம் சாம்பல் கலையாமல் படிந்திருந்தது. அவர் ராணிக்கு அடியில் பிறை இல்லை. ஒட்டகத்துக்கு அடியிலும் இல்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன், இந்தப் பக்கம் வந்தும் பார்த்தேன். எங்கேயும் ஒரு வளையம் இல்லை.

அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சத்தமும் இல்லை, பிளாக்கே அடங்கிக் கிடந்தது. உள்ளறையில் அப்பா கண்மேல் துண்டோடு மல்லாந்து படுத்திருந்தார், படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வீடு பற்றி எரிந்தால்கூட எழுப்பக்கூடாத தூக்கம்.

துண்டை இழுத்து எறிந்துவிட்டு, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி எழுப்பினேன்.